பனிக்கடலுக்கு அடியில் ஒளிந்திருந்த வெப்பம்... யார் இந்த நான்சென்? 130 ஆண்டுகள் கழித்தும் அவரது குறிப்பேடு ஏன் தேவைப்படுகிறது?

வடதுருவத்தைத் தொட ஆசைப்பட்டு, தொட முடியாமல் திரும்பியவர் நான்சென். ஆனா, போற வழியில் அவர் கடலுக்குள் இறக்கிய ஒரு தெர்மாமீட்டர், துருவத்தைத் தொட்டதை விடப் பெரிய செய்தியைச் சொன்னது. மேலே உறைந்து கிடக்கும் அந்தக் கடலுக்கு அடியில், சில நூறு மீட்டர் ஆழத்தில், வெப்பமான தண்ணீர் இருக்கிறது என்பதுதான் அந்தச் செய்தி.

இன்று ஆர்க்டிக் பெருங்கடலின் பனி ஏன் இவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று விவாதம் வரும்போதெல்லாம் இந்தத் தண்ணீரைப் பற்றிய பேச்சும் வருகிறது. அது எவ்வளவு மாறியிருக்கிறது என்று கேட்டால், ஒப்பிட ஒரு பழைய அளவு வேணும். துருவக் கடலின் ஆழத்தில் அப்படி முதன்முதலாக அளந்து எழுதி வைத்தவர்கள் நான்சென் குழுவினர்தான்.

அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர், அகதிகளுக்கு பாஸ்போர்ட் வாங்கிக் கொடுத்தவர் என்று உலகத்துக்குத் தெரிந்த நான்சென், அடிப்படையில் ஒரு கடல் விஞ்ஞானி. அவரது வாழ்க்கையை அந்தக் கடல் வழியாகப் பார்க்கலாம்.

பனிச்சறுக்கில் வளர்ந்த பையன்

ஃபிரிட்யோஃப் நான்சென் 1861 அக்டோபர் 10ஆம் தேதி நார்வேயில், இன்றைய ஒஸ்லோ நகருக்கு அருகே பிறந்தார். அப்போது அந்த நகரத்துக்குப் பெயர் கிறிஸ்டியானியா. அப்பா வழக்கறிஞர். அம்மாவுக்குப் பனிச்சறுக்கில் ஆர்வம் அதிகம். பெண்கள் பனிச்சறுக்கு விளையாடுவது வழக்கத்தில் இல்லாத காலத்திலேயே அவர் காலில் கட்டையைக் கட்டிக்கொண்டு போனவர். மகனுக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது.

பல்கலைக்கழகத்தில் நான்சென் எடுத்தது விலங்கியல். 1882இல் சீல் வேட்டைக்குப் போன வைகிங் என்ற கப்பலில், கடல் உயிரினங்களைப் படிப்பதற்காக அவரும் ஏறினார். கிரீன்லாந்தின் கிழக்கே இருக்கும் பனிக்கடலில் சில மாதங்கள். மரமே இல்லாத அந்தப் பக்கம், மிதந்து வரும் பனிப்பாளங்களின் மேல் மரக்கட்டைகள் கிடந்தன. இது எங்கிருந்து வந்தது? அந்தக் கேள்வி அவர் மனசில் தங்கிவிட்டது.

ஊர் திரும்பியதும் பெர்கன் அருங்காட்சியகத்தில் வேலை. அங்கே சிறு கடல் உயிரினங்களின் நரம்பு மண்டலத்தை ஆராய்ந்து 1888இல் முனைவர் பட்டம் வாங்கினார்.

பின்வாங்க வழியே இல்லாத பயணம்

அதே 1888இல் கிரீன்லாந்தைக் குறுக்காகக் கடக்கக் கிளம்பினார். மொத்தம் 6 பேர். நான்கு நார்வேக்காரர்கள், பனிப்பிரதேசத்தில் வாழும் சாமி இனத்தைச் சேர்ந்த இருவர்.

இதற்கு முன்னால் முயன்றவர்கள் மக்கள் வசிக்கும் மேற்குக் கரையிலிருந்து உள்ளே போனார்கள். முடியாவிட்டால் திரும்பி வரலாம் என்ற தைரியம். நான்சென் தலைகீழாக யோசித்தார். ஆள் நடமாட்டம் அரிதான கிழக்குக் கரையில் இறங்கி, மேற்கே நடப்பது. திரும்பினால் ஒண்ணும் கிடையாது. முன்னால் போனால்தான் உயிர். அக்டோபர் தொடக்கத்தில் அவர் மேற்குக் கரையில் இருந்த கோட்ஹோப், அதாவது இன்றைய நூக் நகரை அடைந்தார். 6 பேருமே உயிரோடு கடந்தார்கள். ஊர் திரும்பியபோது நான்சென் தேசிய நாயகன்.

பனியில் சிக்கிக்கொள்வதே திட்டம்

சரி, இதுல கடல் எங்கே வருது?

1881இல் ஜெனெட் என்ற அமெரிக்கக் கப்பல் சைபீரியாவுக்கு வடக்கே பனியில் நசுங்கி மூழ்கியது. மூன்று வருஷம் கழித்து, 1884இல், அந்தக் கப்பலின் பொருட்கள் கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரை அருகே பனியில் கிடைத்தன. அதாவது, துருவக் கடலின் இந்தப் பக்கம் மூழ்கிய கப்பலின் மிச்சம், பனியோடு பனியாக மறுபக்கம் வந்து சேர்ந்திருக்கிறது.

நான்சென் பார்த்த மரக்கட்டைகளுக்கும் இதுதான் விடை. அவை சைபீரிய ஆறுகள் அடித்துக்கொண்டு வந்த மரங்கள். அப்படின்னா, துருவக் கடலின் பனி ஒரே இடத்தில் நிற்கவில்லை. சைபீரியாவிலிருந்து கிரீன்லாந்து பக்கம் நகர்ந்துகொண்டே இருக்கிறது.

இதை வைத்து அவர் போட்ட திட்டம் அந்தக் காலத்தில் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. பனியை எதிர்த்துப் போராடாமல், கப்பலை வேணும்னே பனியில் சிக்க வைப்பது. பனி எங்கே இழுத்துப் போகிறதோ அங்கே போவது. 1892இல் லண்டனில் உள்ள ராயல் ஜியாக்ரஃபிகல் சொசைட்டியில் இந்தத் திட்டத்தை விளக்கியபோது, துருவப் பயணத்தில் பழுத்த அனுபவம் உள்ளவர்களே தலையாட்ட மறுத்தார்கள். எந்தக் கப்பலும் அந்த அழுத்தத்தைத் தாங்காது என்பது அவர்கள் வாதம்.

இதற்காகவே காலின் ஆர்ச்சர் என்பவர் கட்டிய கப்பல்தான் ஃபிராம். நார்வே மொழியில் அதற்கு முன்னோக்கி என்று பொருள். அடிப்பகுதி வழவழப்பாக, உருண்டையாக இருக்கும். பனி இரண்டு பக்கமும் நெருக்கினால், கப்பல் நசுங்காமல் வழுக்கி மேலே எழும்பும். நீளம் 39 மீட்டர், அகலம் 11 மீட்டர். இவ்வளவு குட்டையும் தடிமனுமான கப்பல் திறந்த கடலில் பயங்கரமாக ஆடும். ஆனா பனிக்குள் அதை அடிச்சுக்க ஆளில்லை.

நான்சென் உட்பட 13 பேர், 5 வருஷத்துக்கான உணவுடன், 1893 ஜூன் 24ஆம் தேதி கிளம்பினார்கள். கேப்டன் ஓட்டோ ஸ்வெர்ட்ரூப், கிரீன்லாந்தைக் கடந்த குழுவில் இருந்தவர்.

கப்பலைப் பிடித்து இழுத்த செத்த தண்ணீர்

ஆகஸ்ட் மாதம் சைபீரியக் கரையோரம் போகும்போது ஒரு விசித்திரம் நடந்தது. இயந்திரம் முழு வேகத்தில் ஓடியும் கப்பல் நகரவே இல்லை. யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது மாதிரி. மாலுமிகள் இதைச் செத்த தண்ணீர் என்பார்கள்.

இதை நான்சென் சும்மா விடவில்லை. பிற்பாடு இந்தக் கேள்வியை வில்ஹெல்ம் பியெர்க்னஸ் என்ற இயற்பியலாளரிடம் கொண்டு போனார். அவரது மாணவர் வாகன் எக்மன் தொட்டியில் சோதனை செய்து விடை கண்டுபிடித்தார். உப்பான கடல்நீரின் மேல், பனி உருகிய நன்னீர் ஒரு மெல்லிய அடுக்காக நிற்கும். கப்பல் போகும்போது இந்த இரண்டு அடுக்குக்கும் நடுவே, கண்ணுக்குத் தெரியாத பெரிய அலைகள் எழும். இயந்திரத்தின் சக்தியெல்லாம் அந்த அலைகளை எழுப்புவதிலேயே போய்விடும்.

ஒரு கப்பலின் தொந்தரவாகத் தோன்றும் இந்த விஷயம், உண்மையில் துருவக் கடலின் அடிப்படை ரகசியம். அந்தக் கடல் ஒரே தண்ணீர் அல்ல. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைத்த வெவ்வேறு தண்ணீர்.

கயிறு எட்டவில்லை

செப்டம்பரில் ஃபிராம், நியூ சைபீரியத் தீவுகளுக்கு வடமேற்கே பனியில் உறைந்தது. அங்கிருந்து கிட்டத்தட்ட 3 வருஷம் பனியோடு மிதந்தது. மின்விளக்குக்குக் கப்பலின் மேல்தளத்தில் ஒரு காற்றாலை. நீண்ட இருட்டு. வேலை என்னவென்றால் அளப்பது, அளப்பது, அளப்பதுதான். காற்று, காந்தப்புலம், நட்சத்திரம், கடல்.

துருவக் கடல் ஆழம் குறைந்தது என்பதுதான் அப்போதைய நம்பிக்கை. நான்சென்னும் அப்படித்தான் நினைத்திருந்தார். அதனால் கொண்டு போன ஆழம் பார்க்கும் கயிறும் நீளம் குறைவு. இறக்கினால் தரை தட்டவே இல்லை. கடைசியில் கப்பலின் எஃகு வடம் ஒன்றைப் பிரித்து, அதன் இழைகளை முடிச்சுப் போட்டுப் புதிய கயிறு செய்தார்கள். கடும் குளிரில், வெளியே பனியில் நின்று செய்த வேலை. அந்தக் கயிறு காட்டிய ஆழம் 3,000 மீட்டரைத் தாண்டியது. வடதுருவத்தைச் சுற்றி இருப்பது ஆழ்கடல் என்று உலகத்துக்குத் தெரிந்தது அப்போதுதான்.

அடுத்து வெப்பநிலை. மேலே இருக்கும் நீர் உறைநிலைக்கு அருகே, மைனஸ் 1.5 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தது. உப்பு இருப்பதால் கடல்நீர் பூஜ்ஜியத்தில் உறையாது, மைனஸ் 1.8 டிகிரி வாக்கில்தான் உறையும். இறங்க இறங்க இன்னும் குளிரும் என்று எதிர்பார்த்தால், சுமார் 200 மீட்டருக்குக் கீழே அளவு ஏறியது. பூஜ்ஜியத்தைத் தாண்டி மேலே போனது. இன்னும் பல நூறு மீட்டர் கீழே போனபிறகுதான் மறுபடி குளிர்ந்தது.

நடுவில் ஒரு வெதுவெதுப்பான அடுக்கு. அது அட்லாண்டிக் பெருங்கடலிலிருந்து வந்த தண்ணீர் என்று நான்சென் புரிந்துகொண்டார். நார்வே கரையோரமாக வடக்கே போகும் வெப்ப நீரோட்டம், துருவக் கடலின் விளிம்பில் மறைந்துவிடவில்லை. பனிக்கு அடியில் நுழைந்து தொடர்ந்து ஓடுகிறது.

வெந்நீர் ஏன் மேலே வரவில்லை?

வெப்பமான தண்ணீர் மேலேதானே வரணும்? இங்கே மட்டும் ஏன் கீழே இருக்கு?

காரணம் உப்பு. கோழிமுட்டை நல்ல தண்ணீரில் மூழ்கும், உப்பு நிறையக் கரைத்த தண்ணீரில் மிதக்கும் என்பது பள்ளிக்கூடத்தில் செய்து பார்த்ததுதான். உப்பு கூடினால் தண்ணீரின் அடர்த்தி கூடும். கடும் குளிரில் இருக்கும் கடல்நீரில், எது மேலே எது கீழே என்று முடிவு செய்வது பெரும்பாலும் வெப்பம் அல்ல, உப்புதான்.

ஓப், யெனிசே, லீனா போன்ற சைபீரியாவின் பெரிய ஆறுகள் ஆர்க்டிக் கடலில் ஏராளமான நன்னீரைக் கொட்டுகின்றன. பனி உருகினாலும் நன்னீர் சேரும். அதனால் மேலடுக்கில் உப்பு குறைவு, எடை குறைவு. அட்லாண்டிக் நீர் சற்று வெப்பமானது என்றாலும் உப்பு அதிகம், அதனால் எடையும் அதிகம். அது கீழேயே தங்கிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே உப்பு வேகமாக மாறும் ஓர் இடை அடுக்கு, மூடி மாதிரி நிற்கிறது.

இப்படி வெப்பநிலையும் உப்பும் ஒத்திருக்கும், ஒரே இடத்திலிருந்து வந்த பெரும் தண்ணீர்த் தொகுதியை விஞ்ஞானிகள் நீர்த்திரள் என்கிறார்கள். ஆர்க்டிக்கின் அட்லாண்டிக் நீர்த்திரளில் இருக்கும் வெப்பம் முழுவதும் மேலே வந்தால், மேலிருக்கும் பனி முழுவதையும் உருக்கிவிடும். வராமல் தடுப்பது அந்த உப்பு மூடிதான். மூடி எவ்வளவு உறுதியாக இருக்கிறது என்பதுதான் இன்றைய கேள்வி.

துருவத்தை நோக்கி இரண்டு பேர்

கப்பல் துருவத்துக்கு நேராகப் போகவில்லை என்பது தெரிந்ததும் நான்சென்னுக்குப் பொறுமை போனது. 1895 மார்ச் 14ஆம் தேதி, யால்மார் யோஹான்சென் என்பவருடன், 28 நாய்கள், 3 பனிச்சறுக்கு வண்டிகள், 2 கயாக் படகுகளோடு கப்பலை விட்டு இறங்கினார். கப்பல் நகர்ந்துகொண்டே இருக்கும் என்பதால் திரும்பி வந்து அதில் ஏற வாய்ப்பே கிடையாது.

ஏப்ரல் மாதம் 86 டிகிரி 14 நிமிட வடக்கு அட்சரேகையை எட்டினார்கள். அதுவரை எந்த மனிதனும் போகாத வடக்கு. ஆனா அவர்கள் வடக்கே நடக்க நடக்க, காலுக்கு அடியில் பனி தெற்கே நகர்ந்துகொண்டிருந்தது. நாள் முழுக்க நடந்தும் கணக்குப் பார்த்தால் கொஞ்ச தூரம்தான். திரும்ப முடிவு செய்தார்கள். வழியில் இருவரின் கடிகாரங்களும் நின்றுபோக, இருக்கும் இடத்தைத் துல்லியமாகக் கணக்கிடும் வழியும் போனது.

அந்தக் குளிர்காலத்தை ஃபிரான்ஸ் ஜோசப் தீவுக்கூட்டத்தில், கல்லும் வால்ரஸ் தோலும் கொண்டு கட்டிய ஒரு குடிலில் கழித்தார்கள். சாப்பாடு பனிக்கரடியும் வால்ரஸும். அடுத்த வருஷம் கடலோரமாகப் போகும்போது, கட்டி வைத்திருந்த கயாக்குகள் காற்றில் அடித்துச் செல்லப்பட்டன. உணவு, துப்பாக்கி எல்லாம் அதில்தான். நான்சென் பனிநீரில் குதித்து நீந்திப்போய் அவற்றைப் பிடித்து இழுத்து வந்தார். 1896 ஜூன் 17ஆம் தேதி, அந்தத் தீவில் முகாமிட்டிருந்த ஃபிரெடரிக் ஜாக்சன் என்ற ஆங்கிலேயரை எதிர்பாராமல் சந்தித்ததுதான் அவர்களைக் காப்பாற்றியது.

ஆகஸ்ட் 13ஆம் தேதி நான்சென் நார்வேயின் வார்டோ துறைமுகத்தில் இறங்கினார். அதே நாளில்தான், ஸ்வால்பார்டுக்கு அருகே ஃபிராம் பனியிலிருந்து விடுபட்டது. 13 பேரும் உயிரோடு வந்தார்கள்.

துருவம் கிடைக்கவில்லை. ஆனா நான்சென் போன பிறகும் ஸ்வெர்ட்ரூப் தலைமையில் கப்பலில் இருந்த 11 பேர், தினசரி அளக்கும் வேலையை நிறுத்தவே இல்லை. பரபரப்பான செய்தி பனியில் நடந்த இருவருக்குப் போனது. காலத்துக்கும் நின்றது அந்த அளவுகள்.

தவறை விடாத விஞ்ஞானி

பயணம் முடிந்ததும் நான்சென் உட்கார்ந்து கணக்குப் பார்க்கத் தொடங்கினார். பயணத்தின் அறிவியல் முடிவுகள் 1900 முதல் 1906 வரை 6 தொகுதிகளாக வந்தன. பனி, காற்றடிக்கும் திசையில் நேராகப் போகாமல் வலப்பக்கம் விலகிப் போவதை அவர் கவனித்திருந்தார். பூமி சுழல்வதே காரணம் என்று அவர் சொல்ல, கணிதமாக அதை நிறுவினார் அதே எக்மன். கடலியல் மாணவர்கள் இன்றும் படிக்கும் எக்மன் சுழல் இங்கிருந்து வந்ததுதான்.

ஃபிராமில் எடுத்த ஆழ்கடல் நீரின் உப்பு அளவுகள் உண்மையை விடச் சற்று அதிகம் என்பது பிறகு தெரிய வந்தது. வித்தியாசம் சிறிதுதான். ஆனா துருவக் கடலின் ஆழத்தில், ஒரு நீர்த்திரளையும் இன்னொன்றையும் பிரிப்பதே அந்தச் சிறு வித்தியாசம்தான். அதனால் அளக்கும் கருவிகளையே சரிசெய்ய இறங்கினார் நான்சென். பல நாடுகளின் கடல் ஆய்வுகளை ஒரே தரத்தில் கொண்டுவர கிறிஸ்டியானியாவில் அமைந்த மத்திய ஆய்வகத்துக்குத் தலைமை ஏற்றார்.

அவர் பெயரிலேயே இருக்கும் நான்சென் குப்பி அந்த முயற்சியின் பலன். இரு முனையும் திறந்த உலோகக் குழாய் ஒன்றைக் கம்பியில் கட்டி ஆழத்துக்கு இறக்குவார்கள். மேலேயிருந்து ஒரு சிறிய எடையைக் கம்பி வழியே நழுவ விடுவார்கள். அது தட்டியதும் குழாய் தலைகீழாகக் கவிழ்ந்து மூடிக்கொள்ளும். அந்த ஆழத்துத் தண்ணீர் உள்ளே மாட்டிக்கொள்ளும். கூடவே இருக்கும் தெர்மாமீட்டரில் பாதரசம் அறுந்து, அந்த நொடியின் வெப்பநிலை அப்படியே நிற்கும். மேலே இழுக்கும்போது மாறாது. 1960கள் வரை உலகம் முழுக்க ஆய்வுக் கப்பல்களில் இதுதான் ஓடியது.

கடல் ஆண்டுக்கு ஆண்டு மாறுமா?

கடலின் ஆழம் மாறாதது என்றுதான் பலரும் நினைத்தார்கள். நான்சென்னும் அவரது இளைய நண்பர் பியோர்ன் ஹெலன்ட்-ஹான்செனும் அதைக் கேள்வி கேட்டார்கள். 1900 முதல் 1904 வரை நார்வேக் கடலில் எடுத்த அளவுகளை வைத்து, 1909இல் அவர்கள் வெளியிட்ட நார்வேக் கடல் என்ற நூல் இன்றும் அடிப்படை நூல்.

அதில் இருந்த முக்கியமான விஷயம், வடக்கே ஓடும் அட்லாண்டிக் நீரின் வெப்பம் வருஷத்துக்கு வருஷம் மாறுகிறது என்பது. அந்த மாற்றம் நார்வேயின் குளிர்காலத்தோடும், பேரன்ட்ஸ் கடலின் பனி அளவோடும், காட் மீன் பிடிப்போடும் தொடர்புடையதாகத் தெரிந்தது. அப்படியானால் கடலை அளந்து, வரப்போகும் வானிலையையும் மீன்வளத்தையும் முன்கூட்டியே சொல்லலாமே என்ற எண்ணம் வந்தது. மீனை நம்பி வாழும் ஒரு நாட்டுக்கு இது வெறும் படிப்பு அல்ல, சோறு.

ஆழ்கடலின் குளிர்ந்த நீர் எங்கே உருவாகிறது என்பதையும் நான்சென் 1906இல் விளக்கினார். ரோல்ட் அமுண்ட்சென் 1901இல் எடுத்துவந்த அளவுகள் அதற்கு உதவின. கிரீன்லாந்துக் கடலின் மேல்நீர் குளிர்காலத்தில் உறைநிலை வரை குளிர்ந்து, கனத்து, அடியாழம் வரை மூழ்கி அங்கே நிரம்புகிறது. இப்படிப் பார்த்தால் ஆழ்கடல் என்பது, மேலே நடந்த குளிர்காலங்களின் சேமிப்பு.

கடலிலிருந்து அகதி முகாம் வரை

1905இல் நார்வே ஸ்வீடனிடமிருந்து பிரிந்து தனி நாடானபோது, அதற்காகக் குரல் கொடுத்தவர்களில் நான்சென் முக்கியமானவர். 1906 முதல் 1908 வரை லண்டனில் நார்வேயின் தூதர். 1907 டிசம்பரில் மனைவி ஈவா இறந்தார். தென்துருவத்துக்குப் போகும் கனவு நான்சென்னுக்கு இருந்தது. ஆனாலும் ஃபிராம் கப்பலை அமுண்ட்சென்னுக்கு விட்டுக்கொடுத்தார். 1911இல் அமுண்ட்சென் தென்துருவத்தை முதலில் அடைந்தது அந்தக் கப்பலில் போய்த்தான்.

1908இல் கடலியல் பேராசிரியரான நான்சென், 1912இல் தன் சிறிய கப்பலில் ஸ்வால்பார்டுக்குப் போய் அளவெடுத்தார். பிறகு முதல் உலகப் போர் வந்தது. வாழ்க்கை திசை மாறியது.

போர் முடிந்தும் வீடு திரும்ப முடியாமல் பல நாடுகளில் கிடந்த போர்க்கைதிகளை அனுப்பி வைக்கும் பொறுப்பை 1920இல் உலக நாடுகள் சங்கம் அவரிடம் கொடுத்தது. 2 வருஷத்தில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஊர் திரும்பினார்கள். 1921இல் அகதிகளுக்கான உயர் ஆணையரானார். எந்த நாட்டுக் காகிதமும் இல்லாமல் நின்ற ரஷ்ய அகதிகளுக்காக 1922இல் அவர் கொண்டுவந்த அடையாளச் சான்றுதான் நான்சென் பாஸ்போர்ட். ஓவியர் மார்க் ஷகால், இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி எல்லாம் அதை வைத்திருந்தவர்கள். ரஷ்யப் பஞ்சத்திலும் நிவாரண வேலை செய்தார். 1922இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பணத்தையும் நிவாரணப் பணிகளுக்கே கொடுத்தார்.

1930 மே 13ஆம் தேதி லைசாக்கரில் உள்ள தன் வீட்டில் காலமானார். நார்வேயின் தேசிய தினமான மே 17ஆம் தேதி இறுதிச்சடங்கு நடந்தது.

அவர் விட்டுப்போன அளவு இன்று என்ன சொல்கிறது?

1990இல் ஆர்க்டிக்கில் அளந்த விஞ்ஞானிகள், அட்லாண்டிக் நீர் அடுக்கு முன்பை விட வெப்பமாக இருப்பதைக் கண்டார்கள். உடனே எழுந்த கேள்வி இது புதுசா, இல்லை ஏற்கெனவே நடந்ததுதானா என்பது.

இங்கேதான் பழைய குறிப்பேடுகள் வேலைக்கு வருகின்றன. சுமார் 100 ஆண்டு அளவுகளைத் தொகுத்து 2004இல் வெளியான ஓர் ஆய்வு, இந்த நீரின் வெப்பம் பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை ஏறி இறங்குவதைக் காட்டியது. 1930கள், 40களில் வெப்பம். 1960கள், 70களில் குளிர்ச்சி. மறுபடி 1990களில் வெப்பம்.

1970இல் அளக்கத் தொடங்கியிருந்தால், பிறகு வந்த வெப்பம் முழுக்கப் புதுசாகத் தெரிந்திருக்கும். 1930களில் தொடங்கியிருந்தால், இது பழைய கதைதான், பயப்பட ஒண்ணுமில்லை என்று தோன்றியிருக்கும். எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்து முடிவே மாறிவிடும். அதனால்தான் தொடர் எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லது. ஃபிராம் கப்பலின் அளவுகள் ஒரே பாதையில், சில இடங்களில் மட்டும் எடுக்கப்பட்டவை. அதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனா அந்த முதல் புள்ளி இல்லாவிட்டால் கோடு இன்னும் குட்டையாகிவிடும்.

ஏறி இறங்கும் இந்த இயற்கையான அலையின் மேல்தான் இப்போது புவி வெப்பமாதல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஐரோப்பா பக்கம் இருக்கும் நான்சென் படுகையிலும் அதன் சுற்றுப்புறத்திலும், உப்பு மூடி பலவீனமாவதை 2002 முதல் நடக்கும் தொடர் ஆய்வுகள் காட்டின. 2017இல் வெளியான ஆய்வின்படி, அங்கே குளிர்காலத்தில் கீழிருக்கும் வெப்பம் மேலே கசிந்து, புதுப் பனி கெட்டிப்படுவதைக் குறைக்கிறது. துருவக் கடலின் அந்தப் பகுதி மெல்ல மெல்ல அட்லாண்டிக் மாதிரி மாறுகிறது என்கிறார்கள். 1980களுக்குப் பிறகு கிரீன்லாந்துக் கடலிலும், மேல்நீர் அடிமட்டம் வரை மூழ்குவது குறைந்து, ஆழ்நீர் வெப்பமடைந்திருக்கிறது.

பனியின் வேகமும் மாறிவிட்டது. 2006இல் டாரா என்ற சிறு கப்பல் ஃபிராம் மாதிரியே பனியில் மிதந்தது. ஃபிராம் கிட்டத்தட்ட 3 வருஷம் எடுத்த இடத்தில், டாரா சுமார் 500 நாளில் வெளியே வந்தது. 2019இல் போலார்ஸ்டெர்ன் என்ற ஜெர்மன் ஆய்வுக் கப்பல், ஒரு வருஷம் நீடித்த பன்னாட்டு ஆய்வுக்காக நான்சென் வழியிலேயே பனியில் சிக்கிக்கொள்ளக் கிளம்பியது.

சென்னைக்கும் இதுல ஒரு பங்கு

2014 ஜூலையில் ஸ்வால்பார்டின் காங்ஸ்ஃபியோர்டன் கடற்கழியில், இந்தியா இண்டார்க் என்ற அளவீட்டு நிலையத்தை நீருக்கடியில் நிறுவியது. அதை உருவாக்கியதில் சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகத்துக்கு முக்கியப் பங்கு உண்டு. அட்லாண்டிக் நீரும் ஆர்க்டிக் நீரும் கலக்கும் இடம் அது. சுமார் 190 மீட்டர் ஆழமுள்ள அந்த இடத்தில் வெப்பநிலை, உப்பு எல்லாவற்றையும் கருவிகள் தானாகவே பதிவு செய்யும்.

மனிதர் யாரும் குளிரில் நின்று கம்பி இழுக்க வேண்டியதில்லை. ஆனா கேட்கும் கேள்வி நான்சென் கேட்டதுதான்: அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு வெப்பத்தைக் கொண்டு வருகிறது, போன வருஷத்துக்கும் இந்த வருஷத்துக்கும் என்ன மாறியது? இதற்கு ஒரு பயணத்தில் விடை கிடைக்காது. ஒரு வருஷம் அளக்காமல் விட்டால், அந்த வருஷத்துக் கடலைத் திரும்பப் போய் அளக்கவும் முடியாது.